பாகப்பிரிவினையில் வழிநடைப் பாத்தியம்: வட்டின் மறுபாதியும் 'சாதாரண'ப் பயனரும்

ஒரு கணினியின் வன்வட்டைத் துண்டுகளாகப் பிரித்து ஒன்றில் விண்டோஸையும் இன்னொன்றில் லினக்ஸையும் குடிவைக்கலாம் என்பது பழைய செய்தி. சிக்கல் பிரித்த மறுநாள்தான் தொடங்குகிறது. லினக்ஸ் பக்கம் உட்கார்ந்திருப்பவர் விண்டோஸ் பக்கம் கிடக்கும் தன் கோப்பை எடுக்கலாமா, திருத்தி எழுதலாமா, யாரைக் கேட்டு? தொழில்நுட்பக் கையேடுகள் இதை அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்க்கிற வேலையாகச் சொல்லி முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் உடைமை பற்றியும், 'சாதாரண' ஆள் என்று ஒருவரை வகைப்படுத்துவது பற்றியும் ஐம்பது வருஷ வரலாறு மடிந்து கிடக்கிறது என்பது என் எண்ணம்.

'பார்ட்டிஷன்' என்ற சொல் எங்கள் ஊர்ப் பக்கம் கணினிக்கு முன்பே வந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் டி.டி.பி. கடை வைத்துப் பல வருஷம் பத்திரம் அடித்தவன் நான். கிரயப் பத்திரத்துக்கு அடுத்தபடியாக அதிகம் வந்தது பார்ட்டிஷன் டீடு, அதாவது பாகப்பிரிவினைப் பத்திரம். திருச்சுழிப் பக்கத்து நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பருத்தி, மிளகாய், மல்லி, கம்பு. குண்டாற்றில் தண்ணீர் வந்தால் கண்மாயில் தண்ணீர், இல்லையென்றால் இல்லை. இந்தப் புஞ்சையை அண்ணன் தம்பிக்குப் பிரிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. 'ஏ' ஷெட்யூல், 'பி' ஷெட்யூல், சர்வே எண், விஸ்தீரணம், சக்குபந்தி. ஆனால் கிணற்றைப் பிரிக்க முடியாது, வண்டிப் பாதையையும் பிரிக்க முடியாது. ஆகவே பத்திரத்தின் கனமெல்லாம் அதற்குப் பிறகு வருகிற வரிகளில்தான்: கிணற்றில் சரிபாதி பாத்தியம், முறை வைத்து இறைத்துக்கொள்வது, மூத்தவர் பாகத்தின் வழியாக இளையவர் ஆள், மாடு, வண்டி போக வர நடைபாத்தியம். எனக்கு எழுதிக் கொடுத்த பத்திர எழுத்தர் ஒருவர், "சக்குபந்தி கெடக்கட்டும், வழியை ஒழுங்கா அடிப்பா. நாளைக்கு அதுலதான் அருவாளத் தூக்குவாங்கெ" என்பார்.

கணினி வட்டுக்கும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் உண்டு. 1983இல் ஐபிஎம்மின் பிசி எக்ஸ்டி வன்வட்டோடு வந்தபோது, பிசி டாஸ் 2.0 அந்த வட்டைப் பிரிக்க ஓர் அட்டவணையை வைத்தது. வட்டின் முதல் பிரிவான 512 பைட்டில் 64 பைட்டுதான் இந்த அட்டவணை. நாலு பாகம், பாகத்துக்கு 16 பைட்டு. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு நீளம், என்ன இனம். இனத்துக்கு ஒரே ஒரு பைட்டு. பதினாறடிமான எண்ணில் 83 என்றால் லினக்ஸ், 07 என்றால் பெரும்பாலும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ். விஸ்தீரணம் இருக்கிறது, சக்குபந்தி இருக்கிறது. வழி இல்லை, கிணறு இல்லை. ஒரு பாகத்துக்காரர் இன்னொரு பாகத்துக்குள் போகலாமா என்பதைப் பற்றி அந்தப் பத்திரம் வாயே திறக்கவில்லை. பின்னாளில் வந்த ஜிபிடி அட்டவணை நாலு பாகத்தை 128 ஆக்கியது. இந்த மௌனத்தை அது கலைக்கவில்லை.

மௌனத்துக்குக் காரணம் உண்டு. டாஸுக்கு 'பயனர்' என்ற கருத்தே கிடையாது. அது பயன்படுத்திய ஃபேட் கோப்பமைப்பு 1977இல் மைக்ரோசாஃப்ட்டின் பேசிக் மொழிக்காக உருவானது. கோப்பின் பெயர், நீளம், தேதி, தொடங்கும் இடம் இவற்றையெல்லாம் எழுதிவைக்கும். யாருடைய கோப்பு என்று எழுத இடமே கிடையாது. உரிமையாளர் பெயர் என்ற பத்தி இல்லாத சிட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் எவரோ அவர்தான் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்.

யூனிக்ஸ் வேறு பூமியில் முளைத்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய அந்த மரபில் ஓர் இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். எனவே ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு. உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூவருக்கும் படிக்க, எழுத, இயக்க என மும்மூன்று அனுமதிகள். இவர்கள் எல்லாருக்கும் மேலே 'ரூட்' என்ற ஒருவர், எந்தத் தடையும் இல்லாதவர். 'சாதாரணப் பயனர்' என்ற வகைமை இப்படித்தான் பிறக்கிறது: ரூட் இருப்பதால் மற்றவர்கள் சாதாரணம். பல்கலைக்கழகக் கணினி அறையில் இந்தப் பிரிவினைக்கு அர்த்தம் உண்டு. ஒரே ஓர் ஆள் வாங்கி வீட்டில் வைத்திருக்கிற கணினியில் அதே பிரிவினை நுழையும்போது விசித்திரமான ஒன்று நடக்கிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு தன்னிலைகள்: கடவுச்சொல்லை அடிக்கிற கணத்தில் ரூட், மற்ற நேரமெல்லாம் சாதாரணம். தன் பொருளுக்குத் தானே மனு போட்டுத் தானே உத்தரவு வழங்கிக்கொள்கிற நிலை.

வேறொரு வட்டையோ வட்டின் வேறொரு பாகத்தையோ நம் கோப்பு மரத்தில் ஒரு கிளையாக இணைப்பதை 'மவுண்ட்' என்கிறார்கள். யூனிக்ஸ் மரபில் இது ரூட்டின் தனியுரிமையாக நிலைத்தது. இதை வெறும் அதிகாரத் திமிர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நம் பத்திரிகைகளில் அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விஷயம் அப்படியல்ல. யூனிக்ஸில் 'செட்யுஐடி' என்ற ஓர் ஏற்பாடு உண்டு. டென்னிஸ் ரிட்சியின் கண்டுபிடிப்பு, 1979இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இந்த அடையாளம் உள்ள நிரலை யார் இயக்கினாலும், அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். அப்படியென்றால், கண்ட வட்டையும் கண்டவர்கள் இணைக்கலாம் என்று விட்டால், 'என் உரிமையாளர் ரூட்' என்று பொய்யாக எழுதிய ஒரு நிரலை வீட்டிலேயே தயாரித்துக் கொண்டுவந்து, இணைத்து, இயக்கி, ரூட்டாகவே ஆகிவிடலாம். போலிப் பத்திரத்தைக் காட்டி நிலத்தை எழுதி வாங்குவது போல. பயம் நியாயமானது. அந்தப் பயத்தை மட்டும் தனியே கழிக்க 'நோசூட்' 'நோடெவ்' என்ற நிபந்தனைகள் வந்தன: வெளியிலிருந்து வரும் வட்டில் எழுதியிருக்கும் அதிகாரச் சின்னங்கள் செல்லாது. அந்த நிபந்தனைகளோடு எஃப்ஸ்டேப் என்ற அமைவுக் கோப்பில் 'யூசர்' என்ற ஒரு சொல்லை ரூட் எழுதிவைத்தால் சாதாரணப் பயனரும் அந்தப் பாகத்தை இணைத்துக்கொள்ளலாம். முதல் நடைபாத்தியம் இதுதான்.

லினக்ஸின் பிறப்பிலேயே பாகம் தாண்டிய கதை ஒன்று இருக்கிறது. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கணினியில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். லினக்ஸின் முதல் கோப்பமைப்பு மினிக்ஸினுடையதே, இரவல் வீடு. ஒருநாள் மோடத்துக்கு அனுப்பவேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக மினிக்ஸ் இருந்த வட்டுப் பாகத்தின்மேல் எழுதிவிட்டார். மினிக்ஸ் அழிந்தது, அதைத் திரும்ப நிறுவாமல் லினக்ஸிலேயே தங்கிவிட்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார். இரவல் வீட்டை இடித்த பிறகுதான் சொந்த வீடு முழுமையானது.

டாஸ் பாகத்தை லினக்ஸ் இணைக்கும்போதுதான் நம் கேள்வி கூர்மையடைகிறது. ஒரு பதிவேட்டில் உரிமையாளர் பத்தி இல்லை. இன்னொரு பதிவேட்டில் அந்தப் பத்தியைக் காலியாக விட முடியாது. என்ன செய்வது? லினக்ஸ் கண்ட வழி: யார் இணைத்தாரோ அவரே எல்லாவற்றுக்கும் உரிமையாளர். கணினி எழும்போது இணைப்பவர் ரூட். ஆக, அந்தப் பாகம் முழுக்க ரூட்டின் சொத்து. மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. இங்கே ஃபூக்கோவை இழுத்துவரவேண்டிய அவசியமில்லை, கிராமக் கணக்கே போதும். திருச்சுழி ஒருகாலத்தில் ராமநாதபுரம் ஜமீனின் ஒரு தாசில். 1948ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஜமீன் கிராமங்கள் ரயத்துவாரி முறைக்கு வந்தன. பெயர் ஏறிய நிலம் பட்டா, பெயர் ஏறாதது சர்க்கார் தரிசு அல்லது புறம்போக்கு. ஆடு மேய்த்தவர், விறகு பொறுக்கியவர் பழக்கமெல்லாம் ஒரு பத்தியிலும் அடங்காது. படிக்கத் தெரியாத உரிமையை இல்லாத உரிமையாக எடுத்துக்கொள்வது பதிவேடுகளின் பொதுக் குணம்.

இதற்குத் தீர்வாகக் கைமாறிக்கொண்டிருந்த மந்திரம் 'யுமாஸ்க்' 000 என்பது. எல்லாருக்கும் எல்லா அனுமதியும். லினக்ஸ் தெரிந்தவர் எவரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொன்னார்கள். எனக்கு இந்தத் தீர்வின்மேல் மரியாதை கிடையாது. வழி கேட்டவனுக்கு வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவது வழி விட்டதாகாது. யுஐடி, ஜிஐடி என்ற நிபந்தனைகளைப் பயன்படுத்தி, இந்தப் பாகம் இன்னாருக்கு, இன்ன குழுவுக்கு என்று பெயர் சொல்லி எழுத முடியும். வீட்டில் நாலு பேர் புழங்கும் கணினியில் ஒரு குழுவை உண்டாக்கி, அந்தக் குழுவுக்கு மட்டும் எழுதும் அனுமதி தரலாம். கிணற்றில் முறை வைப்பது இதுதான். 1990களில் யுஎம்எஸ்டாஸ் என்று இன்னொரு சாமர்த்தியமும் இருந்தது: டாஸ் அடைவு ஒவ்வொன்றிலும் ஒரு தனிக் கோப்பை ஒளித்துவைத்து, அதில் யூனிக்ஸ் உரிமையாளர், அனுமதி விவரங்களை எழுதிக்கொள்வது. டாஸ் வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு பரண்மேல் சொந்தக் கணக்கு நோட்டை வைத்திருப்பது. வீட்டுக்காரருக்கு அது இன்னொரு கோப்பு, அவ்வளவுதான்.

என்டிஎஃப்எஸ் கதை இதற்கு நேர் எதிர். 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த இந்தக் கோப்பமைப்பில் உரிமையாளர் உண்டு, விரிவான அனுமதிப் பட்டியலும் உண்டு. ஆனால் பெயர்கள் வேறு பாஷையில்: விண்டோஸ் தன் பயனர்களுக்குத் தருகிற நீண்ட அடையாள எண்களில். 2001இல் வந்த எக்ஸ்பி இதை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. உள்ளமைப்பின் முழு விவரத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை. 1990களின் நடுவில் மார்ட்டின் ஃபான் லோவிஸ் தொடங்கி, பிறகு ஆன்டன் அல்டபார்மகோவ் புதிதாக எழுதிய லினக்ஸ் இயக்கி, கல்வெட்டைப் படியெடுத்துப் படிப்பதுபோல் பைட்டு பைட்டாகப் பார்த்துக் கற்றுக்கொண்ட வாசிப்பு. படிக்க முடிந்தது. எழுதுவது ஆபத்து, அரைகுறையாகத் தெரிந்த எழுத்தில் அடுத்தவர் பத்திரத்தைத் திருத்தப் போவது. அந்தப் படிப்பும் ரூட்டுக்கு மட்டும். சாதாரணருக்குக் கதவு அடைப்பு, அமைவுக் கோப்பில் விலக்கு எழுதினால் ஒழிய.

2007 பிப்ரவரியில் சபோல்ச் சகாச்சிச் வெளியிட்ட என்டிஎஃப்எஸ் 3ஜி என்ற இயக்கிதான் எழுதுவதை நம்பிச் செய்யக்கூடியதாக்கியது. அது கருவுக்குள் இல்லாமல் 'ஃபியூஸ்' என்ற ஏற்பாட்டின் மேல், பயனர் பக்கத்தில் ஓடுகிறது. ஃபியூஸ் 2005இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. இதன் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. சாதாரணப் பயனர் ஒருவர் ஃபியூஸ் வழியாக எதையாவது இணைத்தால், வேறு நிபந்தனை சொல்லாதவரை, அதற்குள் அவர் மட்டுமே போகலாம். ரூட்டே போக முடியாது. யூனிக்ஸ் வரலாற்றில் ரூட் வாசலில் நின்றது அபூர்வம். இதற்கும் காரணம் பயம்தான்: சாதாரணர் எழுதிய கோப்பமைப்பு ரூட்டை ஏமாற்றிச் சிக்கவைத்துவிடக் கூடாதே! விளைவு என்னவோ தலைகீழ்.

அனுமதி விஷயத்தில் 3ஜி பழைய இயக்கிக்கு எதிர்த் துருவத்துக்குப் போனது. இயல்பாக எல்லாருக்கும் எல்லாம். நடுவழியும் அதில் இருக்கிறது. 'யூசர்மேப்பிங்' என்ற கோப்பில், விண்டோஸின் இன்ன எண்காரர் லினக்ஸின் இன்ன பயனர் என்று இரண்டு பதிவேட்டுப் பெயர்களையும் நேருக்கு நேர் எழுதிவைத்தால் இரு பக்க அனுமதியும் ஒத்துப்போகும். நான் பார்த்தவரை இதை யாரும் செய்வதில்லை. நான் மெனக்கெட்டுச் சில பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். நன்றி சொன்னவர்கள் குறைவு, ஏனென்றால் வேலை செய்கிற வழியை யாரும் கவனிப்பதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வாசல்படியும் இருந்தது. டாஸ், விண்டோஸ் பாகங்களை இணைக்கும்போது எழுத்துக்குறியேற்றத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். பழைய லினக்ஸ்களில் பல இயல்பாக மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியையே எடுத்துக்கொள்ளும். 'பாகப்பிரிவினை' என்று தமிழில் பெயரிட்ட கோப்பு வரிசையாகக் கேள்விக்குறிகளாகத் தெரியும். சொடுக்கினால் அப்படியொரு கோப்பே இல்லை என்று பதில் வரும். அனுமதி இருக்கிறது, கோப்பு இருக்கிறது, பெயரைக் கூப்பிட முடியவில்லை. யுடிஎஃப் 8 என்ற குறிப்பைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்பது தெரிந்தவருக்கு ஒரு சொல். தெரியாதவருக்குத் தன் கோப்பெல்லாம் கெட்டுப்போயிற்று என்ற முடிவு. அந்த முடிவோடு லினக்ஸைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே தமிழ்நாட்டுக் கதைக்கு வரவேண்டும். 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைத் தன் அலுவல்களுக்கு எடுத்துக்கொண்டது. அதே 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கருவிகள் விண்டோஸ், பாஸ் இரண்டையும் தாங்கி வந்தன. மழை பொய்த்தால் பிழைப்புப் பொய்க்கிற ஊர்களில், சொந்தமாக மேசைகூட இல்லாத வீடுகளுக்குள் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நாளில் நுழைந்தன. பெரும்பாலான இடங்களில் இரட்டை இயங்குதளம் என்பது ஆர்வலர்களின் விளையாட்டு. இங்கே அது ரேஷன் கார்டு மாதிரி வீடு தேடி வந்தது. அதன் சமூக வரலாற்றை யாராவது எழுதவேண்டும்.

அந்தக் காலத்தில், பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு திருச்சுழிப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர் கடைக்கு வந்தார். அது திட்டத்தில் வந்ததல்ல, உறவினர் கொடுத்தது. யாரோ ஒரு லினக்ஸையும் போட்டுவைத்திருந்தார்கள். "அண்ணே, விண்டோஸ்ல வச்ச பாடத்தை இந்தப் பக்கம் வந்து தொறந்தா பாஸ்வேர்டு கேக்குது. ஆனா தோழி பென்டிரைவைச் சொருகுனா கேக்காமத் தொறக்குது. என் சாமானுக்கு நான் யார்ட்டண்ணே கேக்கணும்?" என்றார். இதைவிடத் துல்லியமாக அந்தச் சிக்கலை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

பல லினக்ஸ் வழங்கல்களில் வட்டுகளை நிர்வகிக்கும் அடுக்கு, வட்டுகளை இரண்டாகப் பார்க்கிறது: கழற்றக்கூடியது, உள்ளே பொருத்தப்பட்டது. கழற்றக்கூடியதை முன்னால் உட்கார்ந்திருப்பவர் கொண்டுவந்தார் என்று எடுத்துக்கொண்டு கேட்காமல் திறக்கிறது. உள்ளே இருப்பது இயந்திரத்தின் சொத்து, அதாவது நிர்வாகியின் சொத்து. எனவே நிர்வாகியின் கடவுச்சொல். விருந்தாளியின் பைக்கு சோதனை இல்லை, வீட்டுப் பெண்ணின் பெட்டிக்குச் சாவி மாமியாரிடம். கல்லூரி ஆய்வகத்துக்கு இந்த விதி பொருந்தும், ஒரு பெண்ணின் ஒரே கணினிக்குப் பொருந்தாது. ஆனால் மென்பொருளுக்கு இரண்டும் ஒரே கணினிதான். அவருக்கு எஃப்ஸ்டேப்பில் அவருடைய எண்ணோடு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். "இம்புட்டுத்தானா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு திசைப் பயணம் என்பதைக் கவனிக்கவேண்டும். லினக்ஸ் விண்டோஸைப் படிக்கக் கற்றுக்கொண்டது. விண்டோஸ் லினக்ஸைப் படிக்கக் கற்றுக்கொண்டதா? இல்லை. வெளியார் எழுதிய சில கருவிகள் இருந்தன. விண்டோஸுக்கு மட்டும் அந்தப் பாகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. லினக்ஸ் கோப்பமைப்பு உள்ள வெளிவட்டைச் செருகினால், 'பயன்படுத்துவதற்கு முன் இதை ஃபார்மட் செய்யவேண்டும், செய்யட்டுமா' என்று கேட்கும். எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்லாது. இது வெற்று நிலம், உழுதுவிடட்டுமா என்று கேட்கும். எத்தனை பேர் 'ஆம்' என்று அழுத்தியிருப்பார்கள்! கீழே இருப்பவன் மேலே இருப்பவனின் பாஷையைக் கற்றுக்கொள்ளவேண்டும், மேலே இருப்பவனுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது என்பது நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்த ஏற்பாடுதான். 2020இல்தான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் சோதனைப் பதிப்பில் லினக்ஸ் வட்டை இணைக்க ஒரு கட்டளை தந்தது. அதுகூட விண்டோஸுக்குள்ளேயே ஒரு லினக்ஸ் கருவை ஓடவிட்டு, அதைப் படிக்கச் சொல்லித்தான். நிர்வாகி அனுமதியும் வேண்டும்.

2012இல் வந்த விண்டோஸ் 8 இன்னொரு தாழ்ப்பாளைக் கொண்டுவந்தது. 'வேகத் தொடக்கம்' என்ற வசதி காரணமாக, அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் விண்டோஸ் உண்மையில் அரைத்தூக்கத்தில் இருக்கும். தன் பாகத்தைப் பற்றிய கணக்கை மனசில் வைத்துக்கொண்டு தூங்கும். அந்த நிலையில் லினக்ஸ் உள்ளே போய் எழுதினால் கணக்குக் குழம்பும். எனவே 3ஜி எழுத மறுத்துவிடும், படிக்க மட்டும் விடும். அண்ணன் ஊரில் இல்லை, மோட்டார் ரூம் சாவியையும் கொண்டுபோய்விட்டான். நேற்றுவரை எழுத முடிந்த பாகத்தில் இன்று ஏன் முடியவில்லை என்று புரியாமல் நின்றவர்களுக்கு, விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு வரச் சொல்லவேண்டியிருந்தது. அதாவது வழி மறித்தவரிடமே போய் விண்ணப்பம். 2021இல் பாராகன் நிறுவனம் தன் என்டிஎஃப்எஸ் இயக்கியை லினக்ஸ் கரு 5.15இல் சேர்த்தது. வேகம் கூடியது, தூங்குகிறவரை எழுப்பும் வேலை அப்படியே இருக்கிறது.

இத்தனைக்கும் ஜனங்கள் கண்டுபிடித்த வழி வேறு. வட்டில் மூன்றாவதாக ஒரு பாகத்தை வெட்டி, அதை ஃபேட் 32இல் வைத்து, பாட்டு, பாடம், படம் எல்லாவற்றையும் அங்கே போட்டுவிடுவது. இரண்டு பக்கமும் படிக்கும், இரண்டு பக்கமும் எழுதும். ஊர்ப் பொதுக் கிணறு. எங்கள் கடைக்கு வந்த இரட்டைக் கணினிகளில் விவரமானவர்கள் இப்படித்தான் வைத்திருந்தார்கள். ஒரு குறை: ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஆகவே பெரிய சினிமாக் கோப்புகள் ஏறாது. அந்த வரம்பை உடைத்த எக்ஸ்ஃபேட் 2006இல் வந்தும், மைக்ரோசாஃப்ட்டின் காப்புரிமை காரணமாக லினக்ஸ் கருவுக்கு வெளியே நின்றது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக் குறிப்பை வெளியிட்டது; அதே வருஷம் நவம்பரில் லினக்ஸ் 5.4 அதைச் சேர்த்துக்கொண்டது. இப்போது பென்டிரைவிலும் கேமரா அட்டையிலும் பரவலாக அதுதான். எக்ஸ்ஃபேட்டிலும் உரிமையாளர் என்ற பத்தி கிடையாது.